பொடக்காலியில் ஒரு கான்கிரீட் தளம்: முதல்முறை போடுபவர்களுக்கு

கொங்குப் பக்கம் தனி வீடு என்றால் பின்னால் பொடக்காலி இருக்கும். பல வீடுகளில் அது துவைக்கிற கல், செப்டிக் டேங்க் மூடி, நாலு வாழை, மழை பெய்தால் சேறு என்றுதான் கிடக்கிறது. அங்கே 12-க்கு 15 அடியில் ஒரு கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் சாயங்காலம் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்காரலாம். கொப்பரையோ மஞ்சளோ மிளகாயோ காயப்போடலாம். ஒரம்பரை (விருந்தாளிகள்) நிறைய வந்தால் பந்தியே போடலாம்.

கான்கிரீட் போடுவது ஒரு காலை நேர வேலைதான். தளம் பத்து வருஷம் நிற்குமா, இரண்டாம் வருஷமே வெடிக்குமா என்பதை முடிவு செய்வது அதற்கு முந்தைய மண் வேலையும், அதற்குப் பிந்தைய தண்ணீரும். ஆகவே இந்த விளக்கத்திலும் அந்த இரண்டுக்கும்தான் இடம் அதிகம்.

இடம் பார்ப்பது

கோலப்பொடியைத் தூவி 12-க்கு 15 அடியைத் தரையில் குறியுங்கள். கட்டிலையும் நாற்காலியையும் போட்டு உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் அந்தக் கோட்டுக்குள் என்னென்ன மாட்டுகிறது என்று கணக்கெடுங்கள். செப்டிக் டேங்க் மூடியும் சேம்பர் மூடியும் தளத்துக்குள் புதையக் கூடாது. போர்வெல் இருந்தால் அதைச் சுற்றித் தாராளமாக இடம் விடுங்கள். என்றைக்காவது மோட்டாரைத் தூக்க வேண்டிவரும், அப்போது ஆட்கள் நிற்கவும் குழாயைக் கழற்றி வைக்கவும் இடம் வேண்டும். தென்னைக்கும் தளத்துக்கும் 3 அடியாவது இடைவெளி இருக்கட்டும். வேம்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள், அதன் வேர் தளத்தையே தூக்கிவிடும்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் வடியச் சரிவு. தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகித்தான் ஓட வேண்டும். அடிக்கு கால் அங்குலம் என்றால் நன்றாக வடியும், அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 12 அடி அகலத்துக்கு 2 அங்குல வாட்டம் போதுமானது. கட்டில் சாய்ந்தாற்போலத் தெரியாது, தண்ணீரும் நிற்காது. வடிகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு அடியில் போனால் சண்டைதான் வரும். நம் தென்னையின் வட்டப்பாத்திக்குத் திருப்பிவிட்டால் மரத்துக்கும் ஆச்சு. தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது கீழே இருக்கட்டும்.

மண்

செம்மண் காடு என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். மேல்மண்ணை 6 அங்குலம் வெட்டி எடுத்து, வேர், குப்பை இல்லாமல் வழித்து, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். அதன்மேல் 4 அங்குலம் கிராவல் (சரளை மண்) பரப்பி மறுபடி தண்ணீர் தெளித்து இடியுங்கள். செருப்பில்லாத குதிகாலை ஊன்றி முழு பாரத்தையும் போட்டால் குழி விழக் கூடாது. அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட் வந்தால், முடிந்த தளம் சுற்றுத் தரையைவிட 2 அங்குலம் உயர்ந்து நிற்கும்.

கரிசல் என்றால் கதையே வேறு. சூலூர், பல்லடம், உடுமலைப் பக்கம் பல இடங்களில் கரிசல் மண்தான். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி விரல் போகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகத் தளம் போட்டால் மண் ஆடுகிறபடி தளமும் ஆடும். அங்கே ஒன்றரை அடியிலிருந்து 2 அடி வரை கரிசலை வெட்டி வெளியே தள்ளிவிட்டு, கிராவலை 6 அங்குலம் 6 அங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் பொதுபொதுவென்றுதான் இருக்கும். செலவைப் பார்த்து இதைக் குறைப்பவர்கள் உண்டு. கான்கிரீட்டில் ஒரு மூட்டை குறைத்தால்கூடச் சமாளித்துவிடலாம், இதில் குறைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

எந்த மண்ணானாலும் வீட்டுச் சுவரை ஒட்டிய 2, 3 அடியைத் தனியாகக் கவனியுங்கள். அஸ்திவாரம் தோண்டி மூடிய மண் அது, வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே இடிப்பது குறைந்தால் தளம் சுவர்ப்பக்கம் சாயும், போட்ட வாட்டம் தலைகீழாகிவிடும். அந்த இடத்தில் முதல் நாள் தண்ணீர் தேக்கி ஊறவிட்டு, ஈரம் வற்றியதும் இடியுங்கள்.

கிராவலுக்கு அடியில் காலி பி.வி.சி. குழாய் இரண்டைக் குறுக்கே புதைத்து வாயை மூடி வையுங்கள். பின்னால் விளக்குக்கு வயரோ, தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயோ கொண்டுபோக உதவும்.

நூலும் பலகையும்

நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலைமட்டம் சரியா என்று பார்க்க, மூலையிலிருந்து 12 அடிப் பக்கத்தில் 12 அடியும், 15 அடிப் பக்கத்தில் 9 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடியுங்கள். சரியாக 15 அடி வந்தால் மூலை சதுரம். பின் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் 19 அடி இரண்டரை அங்குலம் வர வேண்டும்.

மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாயான டியூப் லெவலே போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர்ப்பக்க முளையில் வைத்த குறியைத் தூரத்து முளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 2 அங்குலம் கீழே இறக்கி நூலைக் கட்டினால் வாட்டம் வந்துவிடும். நூலை ஒட்டி 4 அங்குலப் பலகையை அடித்து, உள்பக்கம் பழைய எண்ணெய் தடவுங்கள். வீட்டுச் சுவரும் தளமும் ஒட்டக் கூடாது. நடுவில் அரை அங்குலத் தெர்மாகோல் ஷீட்டை நிறுத்துங்கள்.

15 அடித் தளத்தை ஒரே துண்டாகப் போடாதீர்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும். பிரிவு இல்லாவிட்டால் தானே ஒரு இடத்தில் கோணல்மாணலாக வெடித்துப் பிரித்துக்கொள்ளும். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்குள் ஒரு பிரிவு வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நம் அளவை நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்தால் 6-க்கு ஏழரை அடியில் நாலு கட்டம் வரும். சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டம் மாதிரி எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை ஒரு நாள் போடுங்கள். மற்ற இரண்டையும், நடுப்பலகையைப் பிரித்து, பழைய ஓரத்தில் பாலித்தீன் ஷீட் வைத்து இன்னொரு நாள் போடலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு இதில் பெரிய நிம்மதி உண்டு. ஒரு கட்டத்துக்கு மூன்றரை மூட்டைதான், அவசரப்படாமல் தேய்க்கலாம்.

செம்மண்ணில் உட்காருகிற தளத்துக்குக் கம்பி வேண்டியதில்லை. கரிசலில் 8 எம்எம் கம்பியை இரண்டு பக்கமும் 9 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டுங்கள். அதைத் தரையில் கிடத்திவிட்டு மேலே கலவையைக் கொட்டுவது வீண் செலவு. அடியில் கவர் பிளாக் என்ற சிறு கான்கிரீட் கட்டிகளை வைத்துக் கனத்தின் நடுவில் நிற்கச் செய்யுங்கள்.

பொருள்

மொத்தம் 60 கன அடிக் கான்கிரீட். 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்), 3 பங்கு முக்கால் அங்குல ஜல்லி. சேதாரத்தோடு சிமெண்ட் 15 மூட்டை, எம்-சாண்ட் 30 கன அடி, ஜல்லி 55 கன அடி வாங்குங்கள். எம்-சாண்ட் என்று சொல்லி கிரஷர் டஸ்ட்டைத் தள்ளிவிடுகிற லாரிகள் உண்டு. ஒரு கைப்பிடியைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வைத்தால் டஸ்ட் என்றால் மேலே கனமான மாவுப்படிவு தங்கும். பூச்சுக்கான பி-சாண்டும் இதற்கு ஆகாது. சிமெண்ட் மூட்டையில் வாரமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், 3 மாதத்துக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள்.

சட்டியில் அளப்பதற்கு ஒரு எளிய வழி: ஒரு மூட்டைச் சிமெண்டைத் தலைதட்டிச் சட்டிசட்டியாக அளந்து பாருங்கள். 4 சட்டி வந்தால், மூட்டைக்கு 6 சட்டி எம்-சாண்ட், 12 சட்டி ஜல்லி. உங்கள் சட்டி எந்த அளவாயிருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கலவை போடும் நாள்

கலவை மிஷினை வாடகைக்கு எடுங்கள். கைக்கு ரப்பர் கையுறை, காலுக்குக் கம்பூட் கட்டாயம். ஈரச் சிமெண்ட் காரம், தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

இந்த அளவுக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்சம் என்பது இந்தியத் தர விதி ஐஎஸ் 456 தரும் கணக்கு. உங்கள் குடம் 15 லிட்டர் என்றால் 2 குடம். மணல் ஈரமாயிருந்தால் அதிலும் குறையும். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், நாலாவது மிக்சிலேயே, "ஏனுங்ண்ணா, கலவை கட்டியா வருது, இன்னொரு கொடம் ஊத்தட்டுங்ளா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊற்றினால் தள்ளுவது சுலபம்தான். ஆனால் அந்தக் கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி உள்ளே ஓட்டைகளை விட்டுப்போகும், மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி உதிரும். கட்டியான கலவையை மம்முட்டியால் இழுத்து, கம்பியால் நன்றாகக் குத்திவிட்டால் அமர்ந்துவிடும்.

போடுவதற்கு முன் கிராவலை நனையுங்கள், குட்டை நிற்கக் கூடாது. கலவையைப் பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கொட்டி, மட்டக்கட்டையைப் பலகைமேல் வைத்து அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இழுங்கள். பள்ளம் தெரிந்தால் நிரப்பி மறுபடி இழுங்கள். மணியாஸ் கட்டையால் (தேய்க்கிற மரக்கட்டை) ஒருமுறை லேசாகத் தேய்த்துவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள்.

இனிமேல்தான் பொறுமை. கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் ஊறி மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு அடங்கும்வரை கரணையைத் தொடாதீர்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சிலர் அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், அடுத்த கோடையில் அப்பளமாகப் பெயரும். மினுமினுப்புப் போய் மங்கலானதும் விரலால் அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் பதியவில்லை என்றால் நேரம் வந்துவிட்டது. கட்டையால் அழுத்தித் தேய்த்து, புது சீமாறு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து உதறி, வாட்டத்தின் போக்கிலேயே மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுங்கள். மெல்லிய கோடு விழுந்த தளம் மழையில் வழுக்காது. கொப்பரை காயப்போட வழவழப்பு வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கோடு போட்டதே நல்லது.

காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் ஊருக்குச் சுகம், கான்கிரீட்டுக்கு ஆகாது. ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாடிகள் சுழலும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். அடியில் இருந்து தண்ணீர் ஊறி வருவதற்குள் காற்று மேலே உறிஞ்சிவிடும். போட்ட சில மணி நேரத்திலேயே, கான்கிரீட் இறுகுமுன், மேலே மெல்லிய கீறல்கள் விழும். முடிந்தால் தை, மாசியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை இருக்கிறது. ஆடியில்தான் ஆக வேண்டும் என்றால் விடிந்ததும் ஆரம்பித்து, மேற்குப் பக்கம் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி, சீமாறு இழுத்து முடித்த கையோடு பாலித்தீன் ஷீட்டை மூடி ஓரத்தில் கல் வையுங்கள்.

தண்ணீர் கட்டுவது

நகத்தால் கீறினால் கோடு விழாத நிலை வந்ததும் தண்ணீர் ஆரம்பம். மாடித் தளத்துக்குப் பாத்தி கட்டுவதுபோல இங்கே ஒரே பாத்தி உதவாது. வாட்டம் இருப்பதால் தண்ணீர் கீழ்ப்பக்கம் சேர்ந்து மேல்பக்கம் காய்ந்துபோகும். 3 அடிக்கு ஒரு வரப்பாகக் களிமண்ணில் கட்டுங்கள், அல்லது கோணிச்சாக்கைப் பரப்பி, காலை, மதியம், மாலை என்று சாக்கு காயாமல் நனைத்துக்கொண்டே இருங்கள். இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட். அதற்கு 10 நாளாவது வேண்டும், 14 நாள் நனைத்தால் நல்லது. மூன்றாம் நாளே விட்டுவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். கலவையில் மிச்சம் பிடித்த அந்தக் குடங்களையெல்லாம் இங்கே ஊற்றுங்கள்.

மறுநாளே மெல்ல நடக்கலாம். கட்டில், மேசை ஒரு வாரம் கழித்து. 4 அங்குலத் தளம் ஆட்களுக்கு மட்டும்தான். கார் ஏற வேண்டும் என்றால் முதலிலேயே 6 அங்குலமாகத் திட்டமிட வேண்டும், 28 நாள் கழித்துத்தான் ஏற்ற வேண்டும்.

கடைசியாகப் பலகையைப் பிரித்து, சுவரோரத் தெர்மாகோலின் மேல் அரை அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தாரோ சீலண்டோ அடையுங்கள். வெளி ஓரங்களில் மண்ணை அணைத்து மிதித்துவிடுங்கள். அந்த மண் தள மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழேயே இருக்கட்டும், மேலே ஏறினால் வடிகிற தண்ணீர் அங்கேயே முட்டி நிற்கும்.