'கெட்' என்னும் ஆங்கில வினையைப் பொருளறிந்து கையாளும் முறை

அகராதியில் 'கெட்' வினைக்குத் தரப்பட்டுள்ள பொருள்களையெல்லாம் மனப்பாடம் செய்வதைவிட, அதனை அடுத்து எவ்வகைச் சொல் வருகிறது என்று கவனிப்பதே பயனுள்ள வழியாகும். பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் பெறுதலையும், 'கெட் டயர்டு' என்பதுபோல் பெயரடை வந்தால் நிலைமாற்றத்தையும் அது குறிக்கும். 'டு' என்பதுடன் இடப்பெயர் வந்தால் சென்றடைதல் என்று பொருள். கடலூரில் பேருந்து ஏறிய மாணவர் 'ஐ காட் டு புதுச்சேரி அட் நைன்' ('காட்' என்பது 'கெட்' வினையின் இறந்தகால வடிவம்) என்றால், ஒன்பது மணி அவர் புறப்பட்ட நேரமன்று, போய்ச் சேர்ந்த நேரம்.

நம் மாணவர்கள் மிகுதியும் தடுமாறுவது பிறரைக்கொண்டு செய்விப்பதைச் சொல்லும் இடத்தில்தான் என்பதால், அதற்குக் கூடுதல் பயிற்சி தேவை. மஞ்சக்குப்பத்துத் தையற்கடையில் சட்டை தைக்கக் கொடுத்தவர் 'ஐ ஸ்டிச்டு எ ஷர்ட்' என்று சொன்னால், அவரே ஊசி பிடித்துத் தைத்ததாகிவிடும். 'ஐ காட் எ ஷர்ட் ஸ்டிச்டு' என்று சட்டையாகிய பொருளை முன்னும் வினையின் மூன்றாம் வடிவத்தைப் பின்னும் வைத்துச் சொல்ல வேண்டும். தைப்பவரைச் சுட்டும்போது 'ஐ காட் ஹிம் டு ஸ்டிச் இட்' என 'டு' சேர்க்க வேண்டும். 'மேக்' வினையை இவ்வாறு செய்வினையில் ஆளும்போது அந்த 'டு' வராது.

'கெட்' வினைக்குக் 'காட்டன்' என்ற மூன்றாம் வடிவம் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் 'காட்' என்பதே போதும். அலுவலகக் கடிதங்களில் 'பெறுதல்' பொருளில் வரும் 'கெட்' வினைக்கு மாற்றாக 'ரிசீவ்', 'அப்டெய்ன்' ஆகியவற்றை எழுதுவது பொருத்தம்.