பிழையும் வரவில்லை, டைமரும் ஓடவில்லையா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் இடத்தின் எடைமேடைக்கு லினக்ஸில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். லோரி ஏறி நின்றதும் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை எடையைப் படிக்க வேண்டும். குறித்த நேரத்தில் நிரலுக்கு மணி அடிக்கும் செட்ஐடைமர் (setitimer) அழைப்பைப் போட்டேன். அசைவே இல்லை. லோரிக்காரர் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

காரணம் அற்பம். அந்த அழைப்புக்கு இரண்டு நேரங்கள் தர வேண்டும்: ஐடி_வேல்யூ (முதல் மணி எப்போது), ஐடி_இன்டர்வல் (அப்புறம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை). நான் இரண்டாவதை மட்டும் நிரப்பியிருந்தேன். முதலாவது சுழியம் என்றால் ‘டைமரை நிறுத்து’ என்றுதான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு நேரத்துக்கும் நொடி, மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒன்று) என இரண்டு கட்டங்கள். மைக்ரோநொடிக் கட்டத்தில் 1,500,000 என்று எழுதினாலும் வேலைக்காகாது. அங்கே உச்சம் 999,999. எனவே 1 நொடி, 500,000 மைக்ரோநொடி எனப் பிரித்துக் கொடுங்கள்.

சந்தேகம் வந்தால் கெட்ஐடைமர் (getitimer) அழைப்பைக் கேளுங்கள், மீதி நேரத்தைச் சொல்லும். ஐடி_வேல்யூ சுழியம் என்றால் டைமர் ஓடவில்லை. டைமரின் மணியாக வரும் சிக்அலார்ம் (SIGALRM) சிக்னலைப் பிடிக்கும் ஃபங்ஷனை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மணியிலேயே நிரல் செத்துவிடும். ஃபோர்க் செய்தால், அதாவது ஓடும் நிரலை நகலெடுத்தால், அந்த நகலான பிள்ளைப் பிராசஸுக்கு இந்த டைமர் போகாது, அங்கே புதிதாகப் போட வேண்டும்.