ஆயில் மாற்றிய பின் வரும் கோளாறுகள்: உங்கள் காரை நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், அது நின்றிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் திட்டு ஒன்று கிடந்தது. பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது அதன் நுனியில் மட்டுமே ஆயில் ஒட்டியிருந்தது. காரை எடுக்காமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதிய ஃபில்டரை, அதற்குரிய புதிய வளையத்தோடு வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அவர் நகத்தால் நெம்பி எடுத்து என் கையில் வைத்த அந்தப் பழைய வளையம் தட்டையாகி, விறைத்து, ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. இன்ஜின் ஓடும்போது உள்ளே அழுத்தத்தோடு பாயும் ஆயில், ஒன்றின் மேல் ஒன்றாக நின்ற அந்த இரண்டு வளையங்களுக்கு இடையே வழி கண்டுபிடித்து வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது.

டீலரின் சொந்த சர்வீஸ் சென்டரில் நடந்த வேலை அது. எல்லா டீலர்களும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயில் மாற்றுவது எளிய வேலை என்று கருதப்படுவதால், பல இடங்களில் அது புதிதாகச் சேர்ந்தவர்களிடம், அதுவும் அவசர நேரத்தில், ஒப்படைக்கப்படுகிறது. ஆனால் இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை முதல் சில நிமிடங்களிலோ, முதல் நூறு இருநூறு கிலோமீட்டருக்குள்ளோ வெளியே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பார்த்துவிட்டால் இன்ஜினும் தப்பும், தவறு எங்கே நடந்தது என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்கும். அதற்கு இயந்திர அறிவு எதுவும் தேவையில்லை. ஒரு பழந்துணி, ஒரு டார்ச், ஒரு பெரிய அட்டை, படம் எடுக்க ஒரு கைபேசி, காரோடு வந்த கையேடு ஆகியவை போதும்.

படி 1: காரை விடுவதற்கு முன்பு

கையேட்டில் இரண்டு விவரங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் இன்ஜினுக்குரிய ஆயிலின் தரம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பது போல எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று, ஃபில்டரையும் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு. சிறிய, நடுத்தரக் கார்களில் இது பெரும்பாலும் 3 முதல் 5 லிட்டருக்குள் இருக்கும் என்றாலும், உங்கள் காருக்கான சரியான அளவைக் கையேட்டில் மட்டுமே பாருங்கள்.

தர எண்ணில் முதலில் வருவது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் வருவது சூடான இன்ஜினில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். இன்றைய இன்ஜின்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் பாகங்கள் பலவும் ஆயிலின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. அதனால் தரம் மாறினால் தேய்மானம் மட்டுமல்லாமல், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிவது வரை விளைவுகள் நீளலாம். செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் ‘இன்ஜின் ஆயில் மாற்றம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், தரத்தையும் லிட்டர் கணக்கையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் அளவையும், டிப்ஸ்டிக்கில் பழைய ஆயில் நிற்கும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது அதன் மேல் அழியாத மையால் ஒரு சிறு கோடு போடுங்கள். கார் திரும்பி வரும்போதும் அந்தக் கோடு அங்கேயே இருந்தால், ஃபில்டர் மாற்றப்படவில்லை என்பதை எவரும் மறுக்க முடியாது.

படி 2: சர்வீஸ் சென்டரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டுமே செய்வீர்கள் என்றால், தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பில்லைக் கட்டியவுடன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும் பழக்கம்தான் எனக்கும் இருந்தது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். மேலே சென்ற ஆயில் கீழே இறங்கி வர அந்த நேரம் வேண்டும். உடனே பார்த்தால் அளவு குறைவாகத் தோன்றும். டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் சுத்தமாகத் துடைத்து, மீண்டும் முழுவதும் உள்ளே செலுத்தி, இரண்டாவது முறை உருவிப் படியுங்கள். முதல் முறை உருவும்போது குழாயின் சுவரில் இருந்த ஆயிலெல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் அந்த அளவை நம்ப முடியாது. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே, மேல்கோட்டை ஒட்டி ஆயில் நிற்பது சரியான நிலை. பல கார்களில் இந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர்.

மேல்கோட்டுக்கு மேல் தெளிவாக ஏறி நின்றால், ‘கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லதுதான்’ என்று சொல்பவரின் பேச்சை ஏற்காதீர்கள். அளவு மிகும்போது, இன்ஜினின் அடியில் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் மோதி அதை நுரையாக அடிக்கிறது. நுரைத்த ஆயிலில் காற்று கலந்திருப்பதால், அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குத் தேவையான அழுத்தமும் உயவும் கிடைப்பதில்லை. மிகுதியான ஆயில் காற்று செல்லும் வழியில் ஏறி எரிந்து நீலப் புகையாகவும் வெளிவரும். அதிகமாக இருப்பதை அங்கேயே வடித்து, சரியான அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக் இல்லாமல் திரையில் மட்டும் அளவு காட்டும் கார்களும் உண்டு. அவற்றில் கையேடு சொல்லும் முறைப்படி, பெரும்பாலும் இன்ஜின் சூடேறிய பிறகு, பார்க்க வேண்டும்.

அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் தொட்டுப் பாருங்கள். மூடாமல் விட்டாலோ அரைகுறையாக மூடினாலோ ஆயில் தெறித்து இன்ஜின் மேல் முழுவதும் பரவும். சில இன்ஜின்களில் அந்த வழியாகக் காற்று புகுந்து, கார் நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடுவதும் (ஐடிலிங்) தடுமாறும். டிப்ஸ்டிக் அதன் குழாயில் அடிவரை அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆயிலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் காரில் புதிய ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் மாற்றவே இல்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. டீசல் காரில் உள்ளே தங்கிய புகைக்கரி கலந்து சிறிது நேரம் ஓடினாலே ஆயில் கறுத்துவிடும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து எவரையும் குற்றம் சொல்லக் கூடாது.

படி 3: இன்ஜினை இயக்கி ஒரு நிமிடம் காத்திருத்தல்

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஆயில் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். கார் நின்றபடியே ஒரு நிமிடம் ஓடட்டும். ஃபில்டரையோ, பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டையோ சரியாக முறுக்காமல் விட்டிருந்தால், அந்த ஒரு நிமிடத்திலேயே தரையில் சொட்டத் தொடங்கிவிடும் வாய்ப்பு அதிகம். பிறகு இன்ஜினை அணைத்து, குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காரின் அடியில் புகாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் கீழே எக்காரணம் கொண்டும் தலையை நீட்டாதீர்கள்.

படி 4: முதல் இரவு

வீட்டுக்கு வந்ததும் இன்ஜினுக்குக் கீழே சுத்தமான அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் வழவழப்பான புள்ளிகள் இருந்தால் அது இன்ஜின் ஆயில். நிறமற்ற வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, கவலை வேண்டாம். சிவப்பாக இருந்தால் அது கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம் என்பதால், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சில கார்களில் இன்ஜினின் டிரெயின் போல்ட்டும் கியர்பாக்ஸின் டிரெயின் போல்ட்டும் அருகருகே இருப்பதால், தவறான போல்ட்டைத் திறந்து கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் இன்ஜினில் மேலும் ஆயிலை ஊற்றிவிடுவதும் நடக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு மிக அதிகமாக இருந்து, கூடவே கியர் விழுவதில் தாமதமோ சறுக்கலோ தெரிந்தால், காரை மேற்கொண்டு ஓட்டாமல் இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: முதல் இருநூறு கிலோமீட்டர்

இந்த நாட்களில் காரின் சத்தத்துக்கும் வாடைக்கும் காது, மூக்கு இரண்டையும் கொடுங்கள்.

எரிந்த ஆயில் வாடை முதல் நாள் லேசாக வந்து மறைந்தால், ஃபில்டரைக் கழற்றியபோது சிந்திய ஆயில் சூடான பாகத்தில் பட்டிருக்கலாம். மறுநாளும் தொடர்ந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். என் காரில் இரண்டாம் நாளே அந்த வாடை இருந்தது. முன்னால் சென்ற லாரியின் புகை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கசிவு டிரெயின் போல்ட்டில் இருந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. போல்ட்டின் கீழ் வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர், ஒருமுறை நசுங்கி இடைவெளியை அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. பழையதையே திரும்பப் போட்டால் சரியாக அடைக்காது. இது சிறிய குறை. மற்றொன்று பெரியது: அளவுக்கு மீறி, சில இடங்களில் இயந்திரத்தால், முறுக்கும்போது ஆயில் தங்கும் அடித்தொட்டியான அலுமினிய சம்ப்பின் மரை போய்விடுகிறது. மரை போன போல்ட் அன்றைக்குப் பிடித்திருப்பதுபோலத் தோன்றும். பிறகு அதிர்விலேயே தளரும். ‘இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுக்கிறோம்’ என்பது இதற்குத் தீர்வாகாது. புதிய மரை பொருத்த வேண்டும், அல்லது சம்ப்பையே மாற்ற வேண்டும்.

காலையில் இயக்கும்போது ஓரிரு விநாடிகள் கடகடவென்று புதிதாகச் சத்தம் வந்தால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களின் உள்ளே உண்டு. தரமற்ற ஃபில்டரில் அது சரியாக வேலை செய்யாது. வேகம் கூடும்போது காரின் அடியில் ஏதோ படபடவென்று அடித்தால், இன்ஜினின் கீழ்மறைப்பை மாட்டும்போது கிளிப்புகளை விட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம். சிறிய விஷயமானாலும் மறைப்பு கழன்று சக்கரத்தில் சிக்கக்கூடும்.

இருநூறு கிலோமீட்டர் முடியும்வரை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

படி 6: சிவப்பு விளக்கு எரிந்தால்

அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ‘ஆயில் குறைந்திருக்கும், வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம்’ என்று நினைத்து ஓட்டுவதற்கு இடமே இல்லை. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். உலோகம் உலோகத்தோடு உரசி, சில நிமிடங்களிலேயே இன்ஜின் இறுகி நின்றுவிடக்கூடும் (சீஸ் ஆவது). பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள், படம் எடுங்கள். அதன் பிறகு கார் நகர்வது இழுவை வண்டியில் மட்டுமே இருக்கட்டும். சர்வீஸ் சென்டரிலிருந்து தொலைபேசியில் ‘மெதுவாக ஓட்டிக் கொண்டுவாருங்கள்’ என்று சொன்னாலும் இணங்காதீர்கள். பின்னர் சேதத்துக்கு நீங்கள் ஓட்டியதே காரணம் என்று சொல்ல அது வழி செய்துவிடும்.

படி 7: டீலரிடம் முறையிடுதல்

கோளாறு தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். சர்வீஸ் தேதி, பில் எண், அன்றைய கிலோமீட்டர், இன்றைய கிலோமீட்டர், என்ன கண்டீர்கள் என்பது, இணைத்த படங்கள், இவை போதும். கோபத்தை அதில் எழுத வேண்டாம். எதையும் பிரித்துப் பழுது பார்ப்பதற்கு முன்பு, டீலரைச் சேராத மெக்கானிக் ஒருவரிடம் காட்டி அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். நான் இதில் ஒரு தவறு செய்தேன். வளையத்தை நெம்பி எடுத்த பிறகுதான் படம் எடுத்தேன். வளையம் இன்ஜினில் ஒட்டியிருந்த நிலையில் ஒரு படம்கூட இல்லை. ‘அந்த வளையம் எங்கள் கையிலிருந்து போனது அல்ல’ என்று சர்வீஸ் சென்டரில் முதல் நாள் வாதிட்டதற்கு அதுவே காரணமாயிற்று. கழற்றிய வளையம், வாஷர், ஃபில்டர் எதையும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

தவறான தரத்தில் ஆயில் ஊற்றியதாகச் சந்தேகம் இருந்தால், இன்ஜினிலிருந்து சிறிதளவு ஆயிலைச் சுத்தமான குப்பியில் எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கலாம். 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மையை அங்கே சென்டிஸ்டோக் என்ற அலகில் அளப்பார்கள். தர எண்ணின் பின்பகுதி 30 என்றால் புதிய ஆயிலில் அது 9.3க்குக் குறையாமலும் 12.5ஐ எட்டாமலும், 20 என்றால் 6.9க்குக் குறையாமலும் 9.3ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்று வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇயின் தரவரிசை வகுத்திருக்கிறது. ஓடிய ஆயிலில் இந்த எண் சற்று மாறும் என்பதால், மாற்றிய சில நாட்களுக்குள் மாதிரி எடுப்பதே பயன் தரும்.

சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் கார் ஓடியிருந்தால், ஆயிலை நிரப்பி ‘சரியாகிவிட்டது’ என்று திருப்பித் தருவதை ஏற்காதீர்கள். இன்ஜினின் ஆயில் அழுத்தத்தைக் கருவி வைத்து அளந்து, வடித்த ஆயிலிலும் ஃபில்டரின் உட்தாளிலும் உலோகத் துகள் மினுங்குகிறதா என்று உங்கள் முன்னிலையில் பார்த்து, இரண்டையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழுது பார்த்துக் கார் கைக்கு வந்ததும் இரண்டாம் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். அட்டையைப் புதிதாக விரியுங்கள்.