கடற்புல் நடவு: ஆர்வத்தில் செய்யும் தவறுகள்

பாக் விரிகுடாக் கரையில், காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் நடந்தால் பழுப்பு நாடா நாடாவாக இலைகள் ஒதுங்கிக் கிடக்கும். இதுதான் கடற்புல். மீனவர்கள் தாழை என்பார்கள். வேரோடு பிடுங்கி வந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்குக் கீழே கயிறு போல ஒரு தண்டு, அதில் வரிசையாகக் கணுக்கள், கணுவில் வேர். வரப்பில் அறுகம்புல்லைப் பிடித்து இழுத்தால் எப்படி வருமோ, அப்படியே இருக்கும்.

இதைப் பாசி என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கயிற்றில் கட்டி மிதக்கவிட்டாலும் வளரும். கடற்புல் பூத்துக் காய்க்கிற செடி. அதற்கு மண் வேண்டும், தண்ணீரைத் தாண்டி வரும் வெயில் வேண்டும். கடல்மட்டத்தில் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது அடிவரை எட்டாவிட்டால் பெரும்பாலான வகைகள் பிழைக்காது.

அடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: புல் ஏன் அழிந்தது என்று கேட்காமலேயே நடப் போவது. விசைப்படகு இழுத்துப்போகும் வலையான இழுவை மடி, கடலடியை உரசிக்கொண்டு போகும்போது தண்டு அறுந்துபோகிறது. கிளம்பும் சேறு பக்கத்துப் புல்லின் வெளிச்சத்தையும் மறைக்கிறது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். அது காக்கப்படாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும், ஒரே இரவில் ஒரு மடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். சாக்கடை, பண்ணைக் கழிவு கலக்கும் இடத்தில் வேறு கதை. உரச்சத்து கூடி, இலைமேல் பாசி படர்ந்து, புல் மூச்சுமுட்டிச் சாகும். அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது கழிவுநீரைத்தான்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்ததைப் பாருங்கள். 1930-களில் ஒரு நோயும் 1933 புயலும் சேர்ந்து அங்கே கடலோர விரிகுடாக்களில் கடற்புல்லை அடியோடு அழித்தன. பல பத்தாண்டுகள் வெறும் மணல்தான். 1999-க்குப் பின் விஞ்ஞானிகளும் தன்னார்வலர்களும் கிட்டத்தட்ட 20 ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேல் விதைகளைத் தூவினார்கள். விதைத்த இடம் சுமார் 200 ஹெக்டேர்தான். புல் தானாகப் பரவிப் பிடித்தது 3,600 ஹெக்டேருக்கும் மேல். அவர்களுடைய உழைப்பு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குறை விதை ஒன்றுதான். நம் கரையில் பல இடங்களில் நிலைமை அப்படி இல்லை.

கன்றுக்காக நல்ல புல்வெளியை வெட்டி எடுப்பதும் நடக்கிறது. ஒரே இடத்தில் அள்ளினால் அந்தக் குழி ஆற வருஷக்கணக்காகும். அங்கொன்று இங்கொன்றாக எடுக்கலாம். இல்லையென்றால், ஆஸ்திரேலியாவின் போர்ட் ஸ்டீபன்ஸில் ஊர்மக்கள் செய்வதுபோல், கரை ஒதுங்கிய பச்சைத் தண்டுகளைப் பொறுக்கலாம். எப்படி எடுத்தாலும் தண்டின் நுனிக் குருத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நட்ட தண்டு பக்கவாட்டில் படர்வது கடினம். தண்டைக் கட்டிக் கடலடியில் பதிக்க மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் போதும். அவை தானாக மட்கிவிடும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நட்ட எண்ணிக்கையை வெற்றி என்று அறிவிப்பது. உலகம் முழுக்க 1,786 நடவு முயற்சிகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஆய்வு, பிழைத்தவை சுமார் 37 சதவீதம் என்றது. சிறிய அளவில் நட்டவை அதிகம் தோற்றன. ஒரு பருவம் கடந்தும் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகளாவது அளக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காத திட்டத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

மீனவர்களைப் படம் எடுக்க மட்டும் கூப்பிடுவது இன்னொன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆவுளியா என்று கரையில் சொல்லும் அந்த உயிர் ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவிப்பது நாட்டுப்படகுக்காரர்தான். வலை கிழிந்தால் நஷ்டமும் அவருக்கே. நண்டும் ஓரா மீனும் எந்தத் தாழையில் மேயும், எந்த நீரோட்டம் எங்கே மணலை அள்ளிப் போடும் என்பதும் அவருக்குத் தெரியும். வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் ஓரிடத்தில் புல் என்றுமே இருந்திராமலும் போகலாம்.

ஆகவே முதல் நாள் கயிறும் மூங்கிலும் வேண்டாம். வயதான மீனவர் ஒருவருடைய படகில் ஏறி, நட நினைக்கும் இடத்துக்குப் போங்கள். "அண்ணே, இங்க எந்த வருஷம் வரைக்கும் தாழை இருந்துச்சு? அதுக்கப்புறம் என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, தண்ணீரை அளக்கத் தெரிந்தவரோடு மறுபடி அதே இடத்துக்குப் போங்கள்.