படைப்பணி முடித்தவருக்குச் சென்னையில் அடுத்த வேலை

படைவீரர் பலர் நாற்பது வயதையொட்டியே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். குடும்பப் பொறுப்பு கூடும் காலமும் அதுதான். ஆகவே, ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் உதவும் படைவீரரை இருக்க விடாமல், பணியின் கடைசி ஆண்டிலேயே ஓய்வுபெறும் படைவீரரை அடுத்த வேலைக்குத் தயார்படுத்தும் மத்திய மறுகுடியமர்வு இயக்குநரகத்தின் (டி.ஜி.ஆர்.) பயிற்சிகளில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வந்ததும் டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்ததற்கான சான்றேடு), ஓய்வூதிய ஆணை ஆகியவற்றுடன் தாம் வசிக்கும் மாவட்டத்துக்கான முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆவடியில் குடியிருப்பவருக்குத் திருவள்ளூர் மாவட்டமும் தாம்பரத்தில் இருப்பவருக்குச் செங்கல்பட்டு மாவட்டமும் உரியவை என்பதால், சென்னை அலுவலகத்துக்கு வீணாக அலைய வேண்டாம்.

மத்திய அரசின் குரூப் சி (எழுத்தர் போன்ற நிலையிலுள்ள) பணியிடங்களில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணியிடங்களில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்க்கு உண்டு. போரில் ஊனமுற்றோர்க்கும் உயிரிழந்தோரின் குடும்பத்தினர்க்கும் உரிய 4.5 சதவீதம் பின்னதில் அடங்கும். வயதைக் கணக்கிடும்போது படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, மேலும் 3 ஆண்டு சலுகை தருகிறார்கள். பத்தாம் வகுப்புடன் 15 ஆண்டு பணி முடித்தவர், தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத குரூப் சி பணிகளில் பட்டதாரிக்குரிய இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டம் இல்லையே என்று ஒதுங்கிவிடுபவரிடம் இதை அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இட ஒதுக்கீட்டில் மத்திய அரசின் நிரந்தரப் பணி ஒன்றில் சேர்ந்துவிட்டால், அடுத்த பணிக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால், சேருவதற்கு முன்பே வேறு பணிகளுக்கும் விண்ணப்பித்திருந்து, அவற்றைத் தேதிவாரியாக எழுதி, சேர்ந்தவுடன் அந்தப் புதிய பணியின் அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்திருந்தால், அந்தப் பணிகளுக்கு உரிமை நிலைக்கும். ஆகவே ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் தேதியுடன் கோப்பில் வைக்க உதவுங்கள். பின்னால் நல்ல பணி வரும்போது இந்தத் தாள்களே கைகொடுக்கும்.

தனியார் நிறுவனத்துக்கான விண்ணப்பத்தில் 'ஹவில்தார், இ.எம்.இ.' (ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு) என்று மட்டும் எழுதினால், ஒரகடத்துத் தொழிற்சாலை மேலாளருக்கு அவருடைய திறமை விளங்காது. எத்தனை வண்டிகளைப் பராமரித்தார், எத்தனை பேரை வழிநடத்தினார், பண்டகசாலைக் கணக்கை எப்படி வைத்தார் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். தம்மைப் பற்றிப் பேசப் பெரும்பாலோர் கூச்சப்படுவார்கள். பொறுமையாகக் கேட்டால் தாமே வரும்.

செக்யூரிட்டி பணியே போதும் என்பவர் முதலில் தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் விசாரிக்கட்டும். தனியார் ஏஜென்சியில் சேருவதானால், வேலை நேரம் எவ்வளவு, மிகைநேர ஊதியம் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்பவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.