நாலு பிள்ளை, ரெண்டு நாய், ஒரு வாகனம்: கொழும்பில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

“ஏழு சீட்” என்று விளம்பரத்தில் இருந்தால் ஏழு பேரோடு நாயும் ஏறலாம் என்று நம்பிக்கொண்டு கார் சேலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கே மூன்றாம் வரிசையை நிமிர்த்திப் பார்த்தால் டிக்கியில் இரண்டு பள்ளிக்கூடப் பைக்குத்தான் இடம் மிஞ்சும். அந்த வரிசையைப் பிள்ளைக்குக் கொடுத்தால் நாய்க்கு இடமில்லை, நாய்க்குக் கொடுத்தால் பிள்ளைக்கு இல்லை. சிக்கல் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான். பிராண்ட், நிறம், அலோய் வீல் எல்லாம் அப்புறம்.

முதல்முறை இப்படி ஒரு வாகனம் தேடுகிறவர்களுக்காக, எதற்குப் பிறகு எதைப் பார்த்தால் அலைச்சல் குறையும் என்று எழுதுகிறேன். உதாரணத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள் (மூத்தவளுக்கு 12 வயது, கடைக்குட்டிக்கு 2), ஒரு லெப்ரடோர், ஒரு பொமரேனியன். இடைக்கிடை அம்மம்மாவும் ஏறுவார்.

படி 1: முதலில் தாளில் உட்காரவையுங்கள்

வாகனத்தின் உட்புறத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் கட்டங்கள் வரைந்து, யார் எங்கே என்று எழுதுங்கள். இரண்டு தாள் வேண்டும். ஒன்று வாராவாரம் நடக்கும் ஓட்டத்துக்கு: பள்ளிக்கூடம், டியூஷன், கோவில், மிருக வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. மற்றது எப்போதாவது வரும் பெரிய பயணத்துக்கு.

வாங்கவேண்டியது முதல் தாளுக்கு ஏற்ற வாகனம் என்பது என் கருத்து. நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் சேர்ந்து 400 கிலோமீட்டர் போவது வருடத்தில் ஒரு தரம். அதற்கு வேன் ஹயர் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஒரு பயணத்துக்காகப் பதினைந்து பேர் ஏறும் வேனை வாங்கி, மிச்ச நாளெல்லாம் கொழும்பு-காலி ரோட்டில் திருப்ப முடியாமல் திண்டாடுவானேன்?

கட்டங்களை நிரப்பும்போது சில விஷயங்களை மறக்கவேண்டாம். குழந்தை சீட் தேவைப்படும் பிள்ளைகள் இரண்டாம் வரிசையில்தான் இருக்கவேண்டும். சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் அந்த வரிசையில் மட்டும்தான் இருக்கும். பின்பக்கம் பார்த்து வைக்கும் குழந்தை சீட்டை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக்கூடாது. முழங்கால் வலியுள்ள அம்மம்மாவை மூன்றாம் வரிசைக்கு ஏற்ற முடியாது. அங்கே தானே ஏறி, தானே பெல்ட் போடக்கூடிய பிள்ளைதான் சரிவரும்.

இன்னொன்று, வாகனத்தைக் குறைந்தது ஐந்தாறு வருடமாவது வைத்திருப்பீர்கள். இன்றைக்கு மடியில் தூங்கும் லெப்ரடோர் குட்டி அடுத்த வருடம் 30 கிலோ இருக்கும். அதையும் பெரிய நாயாகவே வரையுங்கள்.

படி 2: டேப்பை எடுங்கள்

நாயை நிற்கவைத்து மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளத்தையும், நிலத்திலிருந்து தலை உச்சி வரை உயரத்தையும் அளந்து, இரண்டிலும் பத்து செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அது நின்று திரும்பிப் படுக்க அவ்வளவாவது வேண்டும். குழந்தை சீட்டின் அகலத்தையும் அளவுங்கள். சாதாரணமாக 44 செ.மீ. அளவில் வரும். மூன்றை ஒட்டி வைத்தால் 132. சாதாரணக் காரின் பின் சீட்டில் அது எப்படியோ அடங்கினாலும், பெல்ட் கொளுவும் இடத்துக்குள் விரல் நுழையாது. தினமும் காலை ஏழு மணிக்கு அந்த இடுக்கில் கையை விடப்போவது நீங்கள்தான்.

வீட்டுப் பார்க்கிங்கையும் விடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் வாசல் உயரமும் தூண் இடைவெளியும் முக்கியம். இதில் ஒரு நல்ல செய்தி: டொயோட்டா நோவா பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும், 2014இல் வந்த மாடலின் சாதாரண வகை 1,695 மி.மீ. அகலம்தான். எக்ஸியோ காரும் அதே 1,695. ஜப்பானில் சிறிய வாகனப் பிரிவுக்கு அகலம் 1.7 மீட்டருக்கும் நீளம் 4.7 மீட்டருக்கும் மேல் போகக்கூடாது என்பதால் பல குடும்ப வேன்களை அந்த அளவுக்குள் அடக்கியே செய்கிறார்கள். ஒழுங்கைக்குள் எக்ஸியோ போகுமென்றால் நோவாவும் போகும். திருப்பத்தில் மட்டும் நீளம் கொஞ்சம் தெரியும். உயரம் 1.8 மீட்டரைத் தாண்டும், கேடிஎச் வேன் (டொயோட்டா ஹயேஸ்) என்றால் கிட்டத்தட்ட 2 மீட்டர்.

படி 3: எந்த வகை ஒத்துவராது என்று முதலில் கழியுங்கள்

வேகன் ஆர், எவ்ரி போன்ற 660 சிசி வாகனங்கள் நாலு பேருக்கானவை. ஒரு பிள்ளை, ஒரு நாய் உள்ள வீட்டுக்கு எவ்ரி அருமையான வண்டி. தட்டையான தளம், வழுக்குக் கதவு, நாய்க்குத் தாராளமான இடம். நம் உதாரணக் குடும்பத்துக்கு அது சரிவராது. ஐந்து சீட் கார்களும் அதே காரணத்தால் வெளியே. ஜீப் என்று நாம் பொதுவாகச் சொல்லும் உயரமான வாகனங்களில் பெரும்பாலானவை ஐந்து சீட்தான். ஏழு சீட் ஜீப்பிலும் மூன்றாம் வரிசையில் முழங்கால் நெஞ்சைத் தொடும். வயதான நாய்க்கு அந்த உயரத்துக்குப் பாய முடியாது, 30 கிலோவைத் தூக்கி ஏற்ற உங்கள் முதுகும் சம்மதிக்காது.

கேடிஎச் வேனில் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் சரக்கு வகையாக வந்து இங்கே பின்னால் சீட் பொருத்தியவை நிறைய ஓடுகின்றன. அப்படிப் பொருத்திய சீட்டுகளில் பெல்ட் இருக்கிறதா, பெல்டின் அடி எதில் முறுக்கப்பட்டிருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் ஆசன எண்ணிக்கை எத்தனை என்று பார்க்காமல் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம்.

மிஞ்சுவது இரு பக்கமும் வழுக்குக் கதவுள்ள, மூன்று வரிசைச் சின்ன வேன்கள். நெரிசலான பார்க்கிங்கில் பிள்ளை கதவை வீசித் திறந்து பக்கத்துக் காரில் இடிக்கும் கவலை இல்லை. ஒரு கையில் நாய்க் கயிறும் மறு கையில் பையும் இருக்கும்போது கதவு தானே திறப்பதன் அருமை, பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

படி 4: மூன்றாம் வரிசை எப்படி மடிகிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். வாகனங்களுக்குள் உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

டொயோட்டா சியென்டாவின் 2015 மாடலில் மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பின்னால் கிடைக்கும் இடம் தட்டையாக, சுத்தமாக இருக்கும். ஏறும் படியும் தாழ்வு, சுமார் 33 செ.மீ.தான். ஆனால் மூன்றாம் வரிசையை உள்ளே தள்ள முதலில் இரண்டாம் வரிசையைக் கவிழ்க்கவேண்டும். அங்கே குழந்தை சீட் பூட்டியிருந்தால்? ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டவேண்டியதுதான். இரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது தினசரித் தலைவலி. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்குப் பிரச்சினையே இல்லை.

டொயோட்டாவின் நோவா, வொக்ஸி, ஹொண்டாவின் ஃப்ரீட் ஆகியவற்றில் மூன்றாம் வரிசை இரண்டு துண்டாகப் பிரிந்து, பக்கச் சுவரோடு தூக்கிக் கட்டப்படும். ஒரு துண்டைத் தூக்கி நாய்க்கு இடம் விட்டு, மற்றத் துண்டில் ஒரு பிள்ளையை இருத்தலாம். நாங்கள் தேடுவது இதைத்தான்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 2014 நோவா ஹைபிரிட் ஏழு சீட். இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட். முன்னே 2, நடுவே 2, பின்னே 1, ஆக ஐந்து பேரும் நாயும். நம் குடும்பத்தில் ஆறு பேர். அதே நோவாவின் பெட்ரோல் எட்டு சீட் வகையில் நடுவே மூன்று பேருக்கான பெஞ்ச். முன்னே 2, நடுவே 3, பின்னே 1, ஆக ஆறு பேரும் லெப்ரடோரும். பொமரேனியன் தன் கூட்டுக்குள் பெரியதின் பக்கத்திலேயே போகும். அம்மம்மா வரும் நாளில் நாய்கள் வீட்டில். பெட்ரோல் செலவு ஹைபிரிட்டை விடக் கூடத்தான், ஆனாலும் இந்தக் குடும்பத்துக்கு நான் எட்டு சீட்டைத்தான் சொல்வேன்.

பெஞ்ச் வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்றாம் வரிசைக்குப் போக நடு பெஞ்சின் ஓரத்தைச் சரிக்கவேண்டும். வீதியோரமான இடது பக்கத்தில் குழந்தை சீட் பூட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். அதை வலது பக்கத்தில் பூட்டி, இடது ஓரத்தைப் பெரிய பிள்ளைக்கு விடுங்கள்.

நிசான் செரீனாவின் 2016 மாடலையும் ஒரு தரம் பாருங்கள். அதன் பின் கதவில் மேல் பாதியை மட்டும் தனியாகத் திறக்கலாம். பையை எடுக்கக் கதவைத் திறந்ததும் நாய் வீதியில் பாயும் பயம் அதில் இல்லை. நாய் வளர்ப்பவர்களை நினைத்துச் செய்தார்களா தெரியாது, நமக்கு உதவுகிறது.

ஏசியையும் மறக்கக்கூடாது. நோவா, வொக்ஸியில் பொதுவாகப் பின்வரிசைக்குக் கூரையில் துவாரம் உண்டு. சியென்டா, ஃப்ரீட் இரண்டிலும் பழைய மாடல்கள் என்றால் முன்னாலிருந்து வரும் காற்றுத்தான். ஏப்ரல் வெயிலில் பதினைந்து நிமிடம் ஏசியைப் போட்டு, நீங்களே நாயின் இடத்தில் குந்தியிருந்து பாருங்கள்.

படி 5: குடும்பத்தோடு போங்கள், நாயோடும்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு பழைய பெட்ஷீட்டும் கொண்டுபோனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் வேறு வாகனம் பாருங்கள். குழந்தை சீட்டைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். ஜப்பானில் 2012 ஜூலைக்குப் பிறகு அறிமுகமான மாடல்களுக்கு ஐசோஃபிக்ஸ் கட்டாயம். அதற்கு முந்தியவற்றில் சீட் இடுக்குக்குள் விரலை விட்டுக் கம்பி தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். நாயைத் தூக்கி ஏற்றாமல் தானே ஏறவிடுங்கள். ரெக்ஸின் விரிப்பில் நகம் வழுக்கி ஒரு தரம் விழுந்த நாய் அடுத்த தரம் ஏற அடம்பிடிக்கும்.

படி 6: ஹைபிரிட் என்றால் நாய் முடியைக் கவனியுங்கள்

ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சின்ன விசிறி வாகனத்தின் உள்ளேயிருந்துதான் காற்றை இழுக்கிறது. அந்தத் துவாரம் ப்ரியஸ், அக்வாவில் பின் சீட்டை ஒட்டி இருக்கும், நோவா ஹைபிரிட்டில் பேட்டரியே முன் சீட்டுகளுக்கு அடியில். லெப்ரடோரின் முடி அங்கே போய்ப் பஞ்சுபோல் அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். வாங்குமுன் துவாரத்தின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பின் ஒவ்வொரு சேர்விஸிலும் அதைச் சுத்தம் செய்யச் சொல்லி கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை. அந்தத் துவாரத்தின் மேல் துணியோ மெத்தையோ போடவும் கூடாது.

படி 7: பழைய வாகனத்தைப் பரிசோதித்தல்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வரியையும் சேர்த்தால் புதிதாக வருபவற்றின் விலை பலருக்கு எட்டாது. ஆகவே பார்க்கப்போவது பெரும்பாலும் பத்து வருடம் ஓடிய வேன்.

வெள்ளத்தில் நின்றதா என்பதை முதலில் பாருங்கள். 2016 மே மாதத்தில் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியது, 2025 நவம்பர் கடைசியில் களனி ஆறு மறுபடி பெருகியது. எல்லா சீட் பெல்டையும் அடிவரை முழுதாக இழுத்துப் பாருங்கள். மேல் பகுதியைக் கழுவியிருப்பார்கள், சுருளுக்குள் கிடக்கும் பகுதியில் மண்ணிறக் கோடு அப்படியே நிற்கும். உள்ளே சென்ட் வாசம் மூக்கைத் துளைத்தால் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கையை வையுங்கள்.

மின் வழுக்குக் கதவை இரு பக்கமும் பல தரம் திறந்து மூடுங்கள். இழுத்து இழுத்துப் போனால் மோட்டாரோ கேபிளோ போகப்போகிறது என்று அர்த்தம். மரைன் டிரைவ் பக்கம் நின்ற வண்டியென்றால் அடியில் துருவும் பாருங்கள்.

பத்திரங்களில் உரிமையாளர் பெயர், செசி நம்பர், லீசிங் பாக்கி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் ஒத்துப்போகவேண்டும். ஓப்பன் பேப்பரில் (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றுப் பத்திரத்தில்) வாங்கவே வாங்காதீர்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

தேசிக்காய் வைத்து சில்லு ஏற்றியாயிற்றா? சரி. நாயின் இடத்துக்கு வழுக்காத ரப்பர் விரிப்பும், பிள்ளைக்கும் நாய்க்கும் நடுவே இறுக்கிக் கட்டிய வலையும் போடுங்கள். நாயின் நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸைப் பெல்டோடு கொளுவலாம், கழுத்துப் பட்டியில் மட்டும் கொளுவக்கூடாது. சடுதியாகப் பிரேக் அடித்தால் கழுத்துத்தான் முறியும். கூடு வைத்தால் அதையும் கட்டுங்கள். முதல் சில நாட்கள் பக்கத்துச் சந்தி வரை மட்டும் ஓடி, வெறும் வயிற்றோடு பழக்கினால் வாந்தி குறையும்.

கடையில் “ரெண்டு நிமிஷம்தானே” என்று பிள்ளையையோ நாயையோ பூட்டிய வாகனத்துக்குள் விட்டுப் போகாதீர்கள். வெளியே 30 பாகை இருந்தால் உள்ளே பத்து நிமிடத்தில் 40ஐத் தொடும். வாகனத்தின் ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிய வித்தியாசம் வராது. யாராவது ஒருவர் ஏசியோடு உள்ளே இருக்கட்டும், இல்லையென்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.