மட்டக்களப்புத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தோண்டி எடுப்பது எப்படி

"மட்டக்களப்புத் தொகுதியில் 1947 இலிருந்து யார் யார் வென்றது?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பட்டியல் போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். போடலாம்தான், ஆனால் பிழையாக வரும். பெயர் மட்டும்தான் அப்படியே இருக்கிறது, அந்தப் பெயருக்குள் அடங்கிய ஊர்கள், எத்தனை பேரைத் தெரிவுசெய்வது, புள்ளடியை எப்படி எண்ணுவது எல்லாமே மாறி மாறி வந்திருக்கின்றன. ஆகவே வென்றவர்களின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் எந்த மட்டக்களப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை ஒரு கொப்பியை எடுத்து எல்லை மாறிய ஆண்டுகளை எழுதி வைப்பது. 1931 இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபோது அரசாங்க சபைக்கு மட்டக்களப்பு வடக்கு, மட்டக்களப்பு தெற்கு என்று இரண்டு தொகுதிகள்தான் இருந்தன. 1947 பாராளுமன்றத் தேர்தலில் அது ஐந்தாகியது: கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில். கடைசி இரண்டையும் பார்த்து இது அம்பாறை ஆயிற்றே என்று அடித்துவிடாதீர்கள், அம்பாறை மாவட்டம் என்று ஒன்று உருவானதே 1961 இல்தான். அதற்கு முந்திய ஆவணம் எதிலும் கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் கிடக்கும். 1959 எல்லை நிர்ணயத்தில் அம்பாறை, நிந்தவூர் என்று புதிய தொகுதிகள் வந்தன, மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. 1976 இல் இன்னொரு நிர்ணயம்: நிந்தவூர் என்ற பெயர் போய் சம்மாந்துறை வந்தது, பொத்துவிலும் இரட்டையாகியது. இன்றைக்கு வாக்காளர் இடாப்பில் நீங்கள் பார்க்கிற கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்றும் இந்த 1976 கோட்டில்தான் நிற்கின்றன.

சனம் குறைந்த கிழக்குக்கு அந்தக் காலத்தில் எப்படி இத்தனை தொகுதி கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சுதந்திர காலத்து அரசியலமைப்பான சோல்பரி யாப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம் என்று கணக்கு. காடும் வயலும் வாவியுமாக நிலம் பரந்து கிடந்தது நமக்கு உதவியது.

அடுத்தது வென்றவர்களின் பட்டியல். 1947 இல் அகமது லெப்பை சின்னலெப்பை, 1952 இல் சுயேச்சையாக ஆர். பி. கதிராமர், 1956 இல் தமிழரசுக் கட்சியின் செ. இராசதுரை. இதுவரைக்கும் ஒற்றை ஆசனம், சிக்கல் இல்லை. 1960 இல் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, அந்த ஆண்டில் மார்ச்சிலும் ஜூலையிலும் இரண்டு பொதுத் தேர்தல்கள், "1960" என்று மட்டும் எழுதினால் பிறகு எது எதென்று உங்களுக்கே தெரியாமல் போகும். மற்றது, அப்போதிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு பெயர் வரும். இராசதுரை 1977 வரை ஒன்றிலும் தோற்கவில்லை. அவரோடு கூட வந்தவர்தான் மாறிக்கொண்டே இருந்தார்: 1960 இல் ஏ. எச். மாக்கான் மாக்கார், 1965 இல் அப்துல் லத்தீப் சின்னலெப்பை, 1970 இல் ராஜன் செல்வநாயகம், 1977 இல் பரீத் மீராலெப்பை.

இரட்டைத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இது தெரியாமல் நான் ஒருநாள் இரவு முழுக்க வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டி, வாக்களித்தவர்களின் தொகையை விட அதிகமாக வருகிறதே, யாரோ கள்ள வாக்குப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, காலையில் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "மகன், எனக்கு ரெண்டு வாக்கு இருந்தது, மறுகா எப்படிச் சரியாய் வரும்" என்றார். ஆகவே 1960 முதல் 1977 வரையிலான மட்டக்களப்பு எண்களில் சதவீதம் போடுவதென்றால், விழுந்த வாக்குகளின் கூட்டுத்தொகையை வைத்தா, வாக்களித்த ஆட்களை வைத்தா போட்டீர்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒற்றைத் தொகுதியாக இருந்த பட்டிருப்பின் சதவீதத்தோடு இதை ஒப்பிடுவது சும்மா வேலை.

இரட்டைத் தொகுதி எதற்காக வந்தது என்பதையும் பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். புளியந்தீவும் கல்லடியும் காத்தான்குடியும் ஏறாவூரும் ஒரே தொகுதிக்குள் இருக்கும்போது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி கிடைக்கவேண்டும் என்பதுதான் எண்ணம். மேலே உள்ள பெயர்களைப் பாருங்கள், 1970 இல் மட்டும் அது நடக்கவில்லை, இரண்டு பேரும் தமிழர். வென்றவர்களை மட்டும் எழுதினால் இதற்கு மேலே போகமுடியாது. மூன்றாவதாக வந்தவர் யார், எத்தனை வாக்கு வித்தியாசம் என்றும் எழுதினால்தான் கதை வெளியே வரும். என்னைக் கேட்டால் வரலாறு என்பதே தோற்றவர்களின் நிரலில்தான் இருக்கிறது. 1977 அதற்கு நல்ல சாட்சி: இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நிற்க, கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் நின்று தோற்றார். ஒரே முகாமுக்குள் இருந்து இரண்டு சின்னம்! இதைப் பற்றி எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் இன்றைக்கும் சண்டைதான். வென்ற இராசதுரை 1979 இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். அதனால் உங்கள் அட்டவணையில் கட்சி என்ற நிரலோடு நிறுத்தாமல் 'கட்சி மாறியது' என்றும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், நம்முடைய பக்கத்தில் அந்த நிரல் வெறுமையாக இருக்காது. பொத்துவிலில் 1977 இல் கூட்டணியில் வென்ற எம். கனகரத்தினமும் அதே ஆண்டே அரசாங்கப் பக்கம் போனவர்.

1977 க்குப் பிறகு அடுத்த பொதுத் தேர்தல் 1989 இல். நடுவில் ஏதோ விடுபட்டுவிட்டது என்று தேடி அலையவேண்டாம், 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிவிட்டார்கள்.

இங்கேதான் முறையே தலைகீழாகிறது. 1989 இலிருந்து விகிதாசாரம், கட்சி எடுத்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம். அதாவது மட்டக்களப்புத் தொகுதி எம்.பி. என்று அதற்குப் பிறகு யாருமே இல்லை, மாவட்டத்துக்கு ஐந்து பேர், அவ்வளவுதான். தொகுதி என்பது வாக்கை எண்ணி அறிவிக்கிற ஒரு பிரிவு மட்டும். 1977 வரை ஓர் அட்டவணை, 1989 இலிருந்து வேறோர் அட்டவணை என்று இரண்டாக வையுங்கள். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டினால் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தை எங்கே வைப்பதென்றே தெரியாது: 1989 இல் மட்டக்களப்பில் நின்று தோற்று, தேசியப்பட்டியலில், அதாவது நாடு முழுக்கக் கட்சி எடுத்த வாக்குக்குக் கிடைக்கும் ஆசனத்தில், பாராளுமன்றம் போனவர் அவர். இன்னொன்று, புதிய முறையில் மூன்று தொகுதிகளின் வாக்கையும் கூட்டினால் மாவட்ட மொத்தம் வராது. தபால் வாக்கைத் தனியாக எண்ணுவார்கள், அதையும் சேருங்கள்.

ஆசனம் எப்படிப் பிரிகிறது என்பதைக் கையால் ஒருதரம் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும். மாவட்டத்தில் ஆகக் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களை வெட்டிவிட்டு, மிச்ச வாக்கை மிச்ச ஆசனங்களால், நமக்கென்றால் நாலால், பிரியுங்கள். வருகிற தொகைதான் ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலையை முழுதாகக் கொடுத்தவர்களுக்கு ஆசனம் கொடுத்த பிறகு, மீதி வாக்கு கூடியவர்களுக்கு வரிசையாக மற்றவை போகும். 2020 ஐ எடுங்கள். தமிழரசு 79 ஆயிரத்துச் சொச்சம், பிள்ளையானின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி (படகுச் சின்னம்) 67 ஆயிரத்துச் சொச்சம், முஸ்லிம் காங்கிரஸ் 34 ஆயிரத்துச் சொச்சம், மொட்டுச் சின்னப் பொதுஜன பெரமுன 33 ஆயிரத்துச் சொச்சம். கிடைத்தது தமிழரசுக்கு 2, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. அதாவது மொட்டை விட இரண்டு மடங்கு வாக்கு எடுத்த படகுக்கும் ஒன்றுதான், படகை விட வெறும் 12 ஆயிரம் கூட எடுத்த வீட்டுக்கு இரண்டு. போனஸும் மீதிக் கணக்கும் செய்கிற வேலை இது. 2024 இல் தமிழரசுக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 1, முஸ்லிம் காங்கிரஸுக்கு 1. அந்தத் தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் நம்முடையது.

அம்பாறைப் பக்கத்தவர்கள் 'திகாமடுல்ல' என்ற பெயரில் தேடவேண்டும், தேர்தல் மாவட்டத்தின் பெயர் அதுதான், ஏழு ஆசனம். அங்கே சின்னத்தை நம்பிக் கட்சியை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் வென்ற நாலு பேரில் மூன்று பேர் முஸ்லிம் காங்கிரஸ்காரர்கள். 2020 இல் முன்னாள் புலித் தளபதி கருணா நின்ற கட்சி 29 ஆயிரம் அளவிலும் தமிழரசு 25 ஆயிரம் அளவிலும் எடுத்து, இரண்டுக்கும் ஆசனம் இல்லாமல் போனது. கடைசியில் தமிழரசு தனக்குக் கிடைத்த தேசியப்பட்டியல் ஆசனத்தை அந்த மாவட்டத்துக்குக் கொடுத்தது. வென்றவர்களின் பட்டியலை மட்டும் பார்க்கிற ஆளுக்கு 2020 இல் அம்பாறையில் தமிழரே வாக்குப் போடவில்லை போலத் தோன்றும்.

சரி, இதெல்லாம் எங்கே கிடைக்கும்? பிந்திய தேர்தல்கள் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கின்றன, தொகுதி வாரியாகவும் பார்க்கலாம். பழையவற்றுக்குத் தேர்தல் திணைக்களம் அச்சிட்ட முடிவுப் புத்தகங்கள், எல்லைக்கு வர்த்தமானி, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களில் தேர்தலுக்கு மறுநாள் பக்கங்களைப் பாருங்கள், ஆனால் அவசரத்தில் அச்சானவை, எண்களை இன்னோர் இடத்தில் ஒப்பிடாமல் எழுதவேண்டாம். எண்ணிம நூலகமான நூலகம் தளத்தில் உள்ளூர் மலர்களும் சிறு வெளியீடுகளும் நிறைய. பெயரைத் தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள், இராசதுரை, ராஜதுரை, இராஜதுரை மூன்றும் ஒரே ஆள். மாக்கான் மாக்கார் என்று வந்தாலோ ஒரே ஆள் என்று எடுத்துவிடக் கூடாது, 1931 இல் மட்டக்களப்பு வடக்கில் வென்றவர் தகப்பன், 1960 இல் வந்தவர் மகன்.

எல்லாம் சேர்ந்தபிறகு அட்டவணையைக் கொண்டுபோய் ஊரில் எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். காத்தான்குடியில் ஒருவர், கல்லடியில் ஒருவர், முடிந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒருவர் என்று பிரித்துக் கேட்பது நல்லது, ஒரே தேர்தலை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். எண்ணை அவர்களிடம் கேட்காதீர்கள், ஏன் அப்படி விழுந்தது என்று கேளுங்கள். நான் பெரியப்பாவிடம் 1970 ஐக் காட்டியபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தோற்றவர்களின் நிரலைத்தான் முதலில் வாசித்தார்.